புதிய சவாரியை நம்பிச் சிங்கப்பூர் போகுமுன்: திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் வீட்டுப் பிள்ளையும் கைத்தொலைபேசியை நீட்டி, "சிங்கப்பூரில் புதிய சவாரி திறக்கப்போகிறதாம், இந்த விடுமுறைக்குப் போவோமா?" என்று கேட்கிறதா? விமானச்சீட்டு எடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

2024 ஓகஸ்டில் நான், மனைவி, ஒன்பது வயது மகள், பதினைந்து வயது மருமகன் என நான்கு பேர் உவர்மலையிலிருந்து கிளம்பி, செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். போனது, மினியன் என்ற கார்ட்டூன் படப் பாத்திரங்களை வைத்துக் கட்டிய மினியன் லேண்ட் பகுதிக்காக. கண்டது தடுப்புச் சுவரை. சுவருக்கு மேலால் கூரை தெரிந்தது, உள்ளே வேலை நடக்கும் சத்தம் கேட்டது. எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று மகள் அந்தச் சுவரோரமாகவே நடந்து தேடியதை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் போன பயணம் அது. அந்தப் பகுதி திறந்தது 2025 பெப்ரவரி 14ஆம் திகதி, நாங்கள் ஊர் திரும்பி ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சரியான ஒழுங்கில் செய்து மறுபடியும் போனோம். அந்த ஒழுங்கைத்தான் கீழே தருகிறேன்.

1. "என்ன" வேறு, "எப்போது" வேறு

ரசிகர்கள் ஊகிப்பதெல்லாம் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். என் மருமகன் சொன்னவற்றில் முக்கால்வாசி சரியாகவே இருந்தது. எந்தப் பகுதி இடிபடும், அங்கே எது வரும், எந்த மாதிரியான சவாரி என்பதையெல்லாம் அவன் முன்கூட்டியே சொன்னான். அவன் தவறியது திகதியில் மட்டும். ஆனால் விமானச்சீட்டைத் திகதிக்குத்தானே வாங்குகிறோம்!

ஜப்பானின் ஒசாகாவிலுள்ள யூனிவர்சல் பூங்காவைப் பாருங்கள். அங்கே டொங்கி கொங் என்ற வீடியோ விளையாட்டை வைத்துச் செய்த சுரங்க வண்டிச் சவாரி இருக்கிறது. தண்டவாளம் அறுந்து கிடக்கும் இடங்களில் வண்டி தாவிப் பாய்வதுபோலத் தெரியும். உண்மையில் நம் கண்ணில் படும் தண்டவாளம் வெறும் தோற்றம். மறைவான வேறொரு தண்டவாளத்தில் ஓடும் நீண்ட கையொன்று வண்டியைத் தாங்கிச் செல்கிறது. இந்தப் பொறிமுறையின் காப்புரிமை வரைபடம் வெளியானதுமே, இது டொங்கி கொங் சவாரிக்காகத்தான் இருக்கும் என்று ரசிகர்கள் கணித்துவிட்டார்கள். கணிப்பு பலித்தது. ஆனால் 2024 வசந்த காலத்தில் திறக்கும் என்று நிறுவனமே சொன்ன அந்தச் சவாரி திறந்தது அந்த வருடம் டிசம்பர் 11ஆம் திகதிதான்.

அதே ஒசாகாப் பூங்காவில் சுப்பர் நிண்டெண்டோ வேர்ல்ட் என்ற வீடியோ விளையாட்டுப் பகுதி 2020 கோடையில் திறப்பதாக இருந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப்போய், 2021 பெப்ரவரி 4 என்று நாள் குறித்தார்கள். அதுவும் தள்ளிப்போய் மார்ச் 18இல் திறந்தது. நாள் குறித்து அறிவித்த பிறகும் தள்ளிப்போகும் என்றால், "அடுத்த விடுமுறைக்குத் திறக்குமாம்" என்ற பேச்சை என்னவென்று நம்புவது?

சிங்கப்பூரைப் பொறுத்தவரை, 450 கோடி சிங்கப்பூர் டொலர் செலவிலான விரிவாக்கத்தை 2019 ஏப்ரலில் அறிவித்தார்கள். மினியன் பகுதியும் சுப்பர் நிண்டெண்டோ வேர்ல்டும் அந்த ஒரே அறிவிப்பில் வந்தவை. மினியன் பகுதிக்காக மடகாஸ்கர் படகுச் சவாரியை மூடியது 2022 மார்ச்சில். மூடியதிலிருந்து திறப்பு வரை ஏறக்குறைய மூன்று வருடம். "பழைய சவாரியை மூடிவிட்டார்களாம்" என்று பிள்ளை ஓடி வந்து சொன்னால், அன்றிலிருந்து மூன்று வருடத்தை மனதில் எண்ணத் தொடங்குங்கள்.

2. அறிகுறிகளை எடைபோடுங்கள்

இப்போது மருமகனின் கேள்வி, சுரங்க வண்டி சிங்கப்பூருக்கும் வருமா என்பது. இப்படிப்பட்ட கேள்விக்கு வீட்டில் இருந்தபடியே விடை தேட நாங்கள் பழகிக்கொண்ட முறை இது. கீழே போகப் போக அறிகுறிக்கு வலு கூடும்.

காப்புரிமை, வணிகச் சின்னப் பதிவு: இவை ஆசையைக் காட்டுபவை. பதிவாகிக் கட்டப்படாமலே போனவை ஏராளம். இதை வைத்து ஒரு ரூபாவும் செலவழிக்காதீர்கள்.

தடுப்புச் சுவர், தோண்டிய நிலம், அத்திவாரம்: ஏதோ வருவது உறுதி. எந்த வருடம் என்பது உறுதியில்லை.

தண்டவாளத் துண்டுகள் வந்திறங்குவதும், அவை ஒரு முழுச் சுற்றாக இணைவதும்: ரோலர் கோஸ்டராக இருந்தால் இது பெரிய செய்தி. ஆனால் மினியன் சவாரிபோலக் கட்டடத்துக்குள் திரைக்கு முன் ஆடும் இருக்கைகள் என்றால் வெளியிலிருந்து எதுவுமே தெரியாது. நாங்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான். கூரை முடிந்துவிட்டது, ஆகவே சவாரியும் முடிந்துவிட்டது என்று நம்பினோம். வீட்டுக்கு ஓடு போட்டதும் குடிபுகுந்துவிட முடியுமா?

சோதனை ஓட்டம்: தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை இருக்கையில் கட்டி வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். அப்படியொரு காணொளி வந்தால் கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைக்கலாம். விமானச்சீட்டு இன்னும் வேண்டாம்.

நாள், மாதம், வருடம் மூன்றும் போட்டுப் பூங்காவே வெளியிடும் அறிவிப்பு: இதற்கு முன் சொன்ன எதையும் திகதி என்று எண்ணாதீர்கள். "2024இல்" என்பதும் "விரைவில்" என்பதும் திகதி ஆகா.

இரண்டு பொறிகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது படங்கள். எங்களுக்குப் பயணப் பொதி விற்ற முகவரின் துண்டுப்பிரசுரத்தில் மினியன் பகுதி ஜொலித்தது. அது வேறொரு நாட்டுப் பூங்காவின் படம் என்பதை மருமகன் விமானத்தில் வைத்துத்தான் கண்டுபிடித்தான். ஒசாகா, ஒர்லாண்டோ, ஹொலிவூட் எல்லாவற்றிலும் ஒரே பெயரில் பகுதிகள் இருக்கின்றன. படத்தில் உள்ள அறிவிப்புப் பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, திறந்த முதல் வாரத்துக்கே ஓடுவது. இதே சிங்கப்பூர்ப் பூங்காவின் இரட்டை ரோலர் கோஸ்டரான பற்றில்ஸ்டார் கலக்டிகா 2010 மார்ச்சில் தொடங்கி ஒரு வாரமளவில் நிறுத்தப்பட்டது. மறுபடி ஓடியது 2011 பெப்ரவரியில். 2013 ஜூலையில் திரும்பவும் மூடி, நான்கு பேர் இருக்கும் வண்டிகளை இரண்டு பேர் வண்டிகளாக மாற்றி, 2015 மே மாதம்தான் திறந்தார்கள். புதிய சவாரி திறந்த பின் இரண்டு மாதமாவது விட்டுப் போங்கள் என்பது என் கணக்கு. உள்ளூர்க் கூட்டமும் அதற்குள் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

3. கடவுச்சீட்டை இன்றே தொடங்குங்கள்

சவாரி பிந்தினாலும் கடவுச்சீட்டு கெட்டுப்போகாது. பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும். ஆகவே ஊகம் காதில் விழுந்த அன்றே செய்யக்கூடிய ஒரே செலவு இதுதான். காத்திருந்தவர்கள் பட்ட பாட்டை 2024இன் பிற்பாதியில் பார்த்தோம். வெற்றுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து, பத்தரமுல்லையில் மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றார்கள்.

குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. எங்களுக்குக் கிட்டிய பிராந்திய அலுவலகம் வவுனியா. ஹொரவப்பொத்தானை வழியாக நூறு கிலோமீற்றருக்குள் போய்விடலாம். 2025 செப்டம்பரிலிருந்து யாழ்ப்பாணத்திலும் ஒன்று உண்டு. இணையத்தில் விண்ணப்பித்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் விரலடையாளம் கொடுக்கும் வசதியும் 2023 ஜூனில் வந்தது. நேர ஒதுக்கீட்டை இணையத்தில் முற்பதிவு செய்துகொண்டே வீட்டைவிட்டு இறங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை:

- பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி. பழுதாகியிருந்தால் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுங்கள்.
- தேசிய அடையாள அட்டை.
- திணைக்களம் அங்கீகரித்த படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்த படத்தின் பற்றுச்சீட்டு. படத்தை அவர்களே கணினி வழியாக அனுப்பிவிடுவார்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் எடுத்த படம் செல்லாது.
- பழைய கடவுச்சீட்டு இருந்தால் அதுவும்.

பெரியவர்களுக்குச் சாதாரண சேவைக் கட்டணம் 10,000 ரூபா, ஒருநாள் சேவை 20,000 ரூபா. பிள்ளைகளுக்குக் குறைவு. சவாரி எப்போது திறக்கும் என்றே தெரியாத நிலையில் ஒருநாள் சேவைக்குப் பணம் கொட்டத் தேவையில்லை.

பெயர் விடயத்தில் கவனம். பிறப்புச் சான்றிதழில் தமிழில் இருக்கும் பெயரை அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். எந்த எழுத்துக்கூட்டல் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

4. பிள்ளைகளின் கடதாசிகள்

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இதில்தான். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். மருமகனின் தந்தை, அதாவது என் மைத்துனர், கட்டாரில் வேலை செய்கிறார். அவரது சம்மதக் கடிதம் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தப்பட்டு வரவேண்டும். அவருக்கு வேலைநாளில் விடுப்பு கிடைத்து, தூதரகத்துக்குப் போய், கடிதத்தை ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்பி, அது அக்காவின் கையில் சேர ஆறு வாரம் போய்விட்டது. திருகோணமலையில், கிண்ணியாவில், மூதூரில் எத்தனையோ வீடுகளில் தந்தை வளைகுடாவில்தான் இருக்கிறார். உங்கள் வீடும் அப்படியென்றால் வேறு எதற்கும் முன் இந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.

பிள்ளை பெற்றோர் இல்லாமல் மாமாவோடோ சித்தியோடோ போகிறது என்றால், பெற்றோர் கையெழுத்திட்ட இன்னொரு அனுமதிக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி எடுத்துச் செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கூட வையுங்கள். உங்கள் கடவுச்சீட்டிலும் பிள்ளையின் கடவுச்சீட்டிலும் வெவ்வேறு தந்தை பெயர்கள் இருப்பதால், உறவைக் காட்டக் கையில் வேறு ஆதாரம் இருக்காது.

5. விமானச்சீட்டு கடைசியில்

பூங்கா நாள் குறித்து அறிவித்து, திறந்து, சில வாரம் ஓடிய பிறகு வாங்குங்கள். கொழும்பிலிருந்து நேரடி விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் போய்விடும்.

மிக மலிவான சீட்டில் திகதி மாற்றவே முடியாது, அல்லது மாற்றுவதற்குச் சீட்டின் விலை அளவுக்குக் கேட்பார்கள். நாங்கள் 2024இல் வாங்கியது அப்படிப்பட்டது. திறக்கவில்லை என்று புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தெரிந்திருந்தும், பணம் போய்விடுமே என்று போனோம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, மாற்றக்கூடிய சீட்டை எடுங்கள். முகவர் வழியாக எடுத்தால், எவ்வளவு கழிப்பார்கள் என்பதைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள்.

சீட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம்மில் பலருக்குத் தந்தை பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னும் வரும். எந்தப் பெட்டியில் எது அச்சாகியிருக்கிறதோ அதைப் பார்த்து அப்படியே நிரப்புங்கள். நமக்குப் பழக்கமான முறையில் மாற்றி நிரப்பாதீர்கள்.

6. சிங்கப்பூருக்குள் நுழைய

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய சுற்றுலாப் பயணத்துக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. "விசாக் கட்டணம்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். திரும்பும் சீட்டு, தங்குமிட முகவரி, செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கான ஆதாரம் மூன்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். தேடும்போது அரசாங்கத் தளத்தைப்போலவே தோன்றிக் கட்டணம் கேட்கும் தளங்கள் முன்னால் வரும். பணம் கேட்டால் அது போலி, உடனே மூடிவிடுங்கள்.

வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்கள் வந்தால் பையிலுள்ள புகையிலையை ஊரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலையும் சூயிங்கமும் அங்கே தடை.

வங்கி அட்டையை வெளிநாட்டில் பாவிக்க முன்கூட்டியே வங்கிக்குச் சொல்லித் திறந்துவிட வேண்டும். காசாக வாங்குவதென்றால் கடவுச்சீட்டையும் விமானச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வங்கிக்கோ அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்துக்கோ போங்கள்.

7. கட்டுநாயக்க வரை

இரவு ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய் அங்கிருந்து கட்டுநாயக்கவுக்குத் திரும்பி வருவது மலிவு. பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் போவதென்றால் நான்கு பேர் சேர்ந்து வான் பிடிப்பதே நல்லது. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வரை கொழும்பு வீதியில் போய், அங்கிருந்து கிரியுல்ல, திவுலப்பிட்டிய பக்கமாகத் திரும்பினால் கொழும்புக்குள் நுழையவே தேவையில்லை. விமான நேரத்துக்கு பத்து மணி நேரம் முன்பாவது வீட்டைவிட்டு வெளிக்கிடுங்கள். ஹபரணைக் காட்டு வீதியில் யானை நின்றால் அது விலகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

8. பூங்கா நாள்

தங்குமிடத்தை லிட்டில் இந்தியாவில் பாருங்கள். அங்குள்ள தேக்காச் சந்தையில் நம் வாய்க்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கும் என்பதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அங்கிருந்து ஊதா நிற ரயில் பாதை மாறாமல் ஹாபர்ஃபிரண்ட் வரை போகிறது. அங்கே இறங்கி, விவோசிட்டிக் கடைத்தொகுதியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் எடுத்தால் முதல் தரிப்பிலேயே பூங்கா. போக ஆளுக்கு நான்கு சிங்கப்பூர் டொலர், திரும்பி வர இலவசம். கடலோர நடைபாதையால் நடந்து போனால் செலவே இல்லை.

பெரியவருக்கான ஒருநாள் நுழைவுச்சீட்டு 80 டொலரை ஒட்டி இருக்கும். நான்கு பேருக்கு நம் காசில் அறுபதாயிரம் ரூபாவைத் தாண்டிவிடும். வரிசையைத் தவிர்க்கும் விரைவுச் சீட்டு அதற்கு மேலே தனி, அதன் விலையும் நாளுக்கு நாள் மாறும். வாங்குவதற்கு முன் பூங்காவின் இணையத்தளத்தில் பராமரிப்புக்காக மூடப்படும் சவாரிகளின் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ அதுவே அந்த வாரம் மூடியிருக்கலாம்.

ஜூன் மாதமும் நவம்பர், டிசம்பரும் சிங்கப்பூர்ப் பாடசாலை விடுமுறைக் காலம், வரிசை நீளும். வருடக் கடைசியில் மழையும் சேர்ந்துகொள்ளும். இடி மின்னல் வந்தால் வெளிச் சவாரிகள் எல்லாம் நின்றுவிடும். ஆகவே கதவு திறந்ததும் முதலில் வெளியே உள்ளவற்றை முடித்துவிட்டு, கட்டடத்துக்குள் இருப்பவற்றைப் பின்னேரத்துக்கு வையுங்கள்.

பிள்ளையின் உயரத்தை வீட்டில் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்து பாருங்கள். பற்றில்ஸ்டாருக்கு 125 சென்ரிமீற்றர் வேண்டும். 2024இல் மகள் 123. மினியன் பகுதி மூடியிருக்கிறது, இதிலாவது ஏறுவோம் என்று வரிசையில் நின்ற பிள்ளையைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரி. அளக்காமல் கூட்டிப்போனது என் பிழை.

2025இல் மறுபடியும் போனபோது சுவர் இருந்த இடத்தில் மினியன்கள் ஆடிக்கொண்டிருந்தன. சிங்கப்பூரில் மட்டுமே உள்ள பகி பூகி என்ற நடன ராட்டினத்தில் மகள் மூன்று தரம் ஏறினாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அந்த அளவுகோலுக்குப் போனாள். 128.